மறுமொழி: எதிர்காற்றில் ‘பேசிங்’ – தமிழில் என்ன வைக்கலாம்?

காரைக்குடியிலிருந்து:

வணக்கம். எங்கள் பிள்ளைகளுக்கான சைக்கிள் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தனியாளாகக் கடிகாரத்தோடு மோதும் டைம் டிரையலுக்கு ‘நேரப்போட்டி’ என்று வைத்துவிட்டேன். ‘பேசிங்’ (pacing; உழைப்பைப் பாதை முழுதுக்கும் பங்கிட்டு மிதிப்பது) மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ‘வேகக் கட்டுப்பாடு’ என்றால் பாடமே தப்பாகிவிடும். 20 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புகிற பாதை; காற்றில்லாத நாளில் 40 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம். ஆடியில் திருப்பத்தூர் பக்கம் மேல்காற்றை எதிர்த்து 30, திரும்பும்போது 50 என்று வையுங்கள். சராசரி அதே 40தானே என்பான் பையன். போக 40 நிமிடம், வர 24. ஆக 64! நேரம் கரைவதெல்லாம் எதிர்காற்றில். அதனால் அங்கே கொஞ்சம் கூட்டி மிதித்து, பின்காற்றில் கொஞ்சம் விட வேண்டும். ரொம்பக் கூட்டினால் திரும்பி வரக் கால் இருக்காது. அளக்க வேண்டியது வேகத்தை அல்ல, உழைப்பை. இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:

குறள் 471 இருக்க என்ன கவலை? வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி, நான்கையும் தூக்கிச் செயல்; அதாவது நாலு வலிமையையும் எடைபோட்டுச் செய். மாற்றான் எதிர்காற்று, துணை பின்காற்று. ‘வலித்தூக்கு’ என்று வையுங்கள். வளியும் (காற்று) வலியும் (வலிமை) ஒரே வேர் என்பது என் நெடுநாள் கட்சி. புறநானூறு 66இல் கரிகாலனின் முன்னோன் ‘வளி தொழில் ஆண்ட உரவோன்’, காற்றை வேலை வாங்கிக் கப்பல் ஓட்டியவன். அவன் நாவாயில் செய்ததைப் பிள்ளைகள் சைக்கிளில் செய்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, ‘வலித்தூக்கு’ என்று படித்தால் பையன்கள் தொடைக்குத் தைலம் தேடுவார்கள். நம் வீடுகளில் ‘செட்டு’ இருக்கிறதே! அப்பச்சி செட்டாகச் செலவழி என்பார்கள். அது கஞ்சத்தனம் இல்லை; கல்யாணத்துக்கு எடுக்க வேண்டியதை எடுத்து, சும்மா நாளில் இறுக்கிப் பிடிப்பது. ‘செட்டுமிதி’.

பள்ளத்தூரிலிருந்து:

ஆச்சி, செட்டு பிறந்தது செட்டியிலிருந்தா? செட்டியோ வடமொழிச் ‘சிரேஷ்டி’யிலிருந்து என்பார் ஒரு சாரார்; வணிகர்க்குத் தந்த பழைய ‘எட்டி’ப் பட்டத்திலிருந்து என்பார் மறுசாரார். இதைத் தீர்க்காமல் கையேட்டில் ஏற்றலாமா?

புதுவயலிலிருந்து:

எட்டிப் பட்டத்தை வெள்ளிக்குள் தீர்க்க முடியாது ஐயா. ‘செட்டு’ என்றால் என் பையன் டென்னிஸா என்கிறான். 40இல் போகிறவனுக்கு எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால் அவன் முகத்தில் வாங்கும் காற்று 60. அதே வேகத்தை விடாமல் பிடித்தால் காற்றுத்தடை இரண்டேகால் மடங்கு. அந்த நேரத்தில் சொல் புரிய வேண்டும், அவ்வளவுதான். மிதிக்கும் உழைப்பை அளக்கும் பவர் மீட்டர் இல்லாதவனுக்கு மூச்சுதான் அளவு. நான் பிள்ளைகளிடம் ‘அளந்து மிதி’ என்பேன், புரிந்துகொள்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து:

சரி, ‘அளந்து மிதித்தல்’ என்றே அனுப்புகிறேன். ‘செட்டுமிதி’ அடிக்குறிப்பில் வரும்.

பள்ளத்தூரிலிருந்து:

‘அளந்து மிதித்தல்’ கலைச்சொல்லே அல்ல, கட்டளை. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், பக்கக்காற்றுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?