ஐரோப்பியப் படங்களுக்கு மார்க் போடும்போது நாடு சரியா வந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

தேன்பெட்டி (விளவங்கோடு)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2020 ஊரடங்குல ஒரு நீல அட்டை நோட்டு போட்டேன். ஐரோப்பாவுல ஒரு நாட்டுக்கு ஒரு படம். கதை அந்த நாட்டுல நடக்கணும். பார்த்த ராத்திரியே பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் எழுதிடணும், மறுநாள் திருத்தக்கூடாது. இதுவரைக்கும் 23 நாடு ஆயிட்டு.

போன வாரம் மழையில வெளியே போக வழியில்லை. நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டினேன். புரட்டப் புரட்ட மனசு ஒரு மாதிரி ஆயிட்டு. இந்த மார்க்கெல்லாம் படத்துக்குப் போட்டதா, இல்லை எனக்க வீட்டுக்குப் போட்டதா?

வடக்கு மாசிடோனியாவுக்கு 10 போட்டிருக்கேன். படம் ஹனிலேண்ட், 2019ல வந்த ஆவணப்படம். ஹதிஜேன்னு ஒரு பொம்பளை, கரண்டு இல்லாத ஊர்ல, படுக்கையில கிடக்கிற அம்மையோட தனியா இருக்கா. மலை விளிம்புல நடந்து போய்ப் பாறையில கல்லை நீக்கி, வெறுங்கையால தேனடை எடுக்கிறா. பாதி தனக்கு, பாதி தேனீக்கு. பக்கத்துல வந்து குடியேறின குடும்பம் தேன் வியாபாரி நெருக்கினதால மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடுது. பட்டினி கிடந்த அவங்க தேனீ வந்து இவளுக்க தேனீயைக் கொல்லுது.

எங்க வீட்டுல மூணு தலைமுறையா தேன்பெட்டிதான் தொழில். ஜனவரி ஆனா பெட்டிகளை வண்டியில ஏத்தி, கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டு போவோம். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்புல மது சுரக்கும். பூவுல இருந்து இல்லை, காம்புல இருந்து. மார்ச் வரைக்கும் அதுதான் எங்களுக்குச் சோறு. 1991, 92ல தாய்லாந்து சாக்புரூட்ங்கிற வைரஸ் நோய் வந்து தென்னாட்டுல தேனீ கூட்டம் கூட்டமா செத்தப்போ எனக்கு 11 வயசு. காலிப் பெட்டிகளை அப்பா ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, மேல தார்ப்பாய் போட்டு மூடினது இப்பவும் கண்ணுல நிக்குது. படத்துல ஹதிஜேக்க தேனீ சாகிற இடம் வந்ததும் லேப்டாப்பை மூடிட்டு முற்றத்துக்குப் போயிட்டேன். மீதியை மறுநாள்தான் பார்க்க முடிஞ்சது. இப்படிப்பட்ட ஆள் போட்ட 10, மாசிடோனியாவுக்கா அப்பாவுக்கா?

ஐஸ்லாந்து 9. ராம்ஸ், 2015. அண்ணன் தம்பி, பக்கத்துப் பக்கத்து வீடு, 40 வருஷமா பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டுல எழுதி நாய் வாயில குடுத்து விடுவாங்க. ஆட்டுக்கு நோய் வந்து பள்ளத்தாக்கு முழுக்க எல்லாத்தையும் கொல்லணும்னு உத்தரவு வருது. எங்க அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிச்ச பிறகு ஒரே கிணத்துல ஆளுக்கொரு வாளி போட்டு வெள்ளம் கோரினவங்க. பேச்சு கிடையாது. அதனால 9.

ஸ்வீடன் 5. வைல்ட் ஸ்ட்ராபெரீஸ், 1957, பெர்க்மன் எடுத்தது. வயசான டாக்டர் ஒருத்தர் கார்ல லுண்ட் ஊருக்குப் பட்டம் வாங்கப் போறார். எனக்கு ஒட்டவே இல்லை.

ஆஸ்திரியாவுக்கு 4. தி சவுண்ட் ஆஃப் மியூசிக், 1965. பாட்டெல்லாம் சின்ன வயசுல இருந்தே பிடிக்கும். ஆனா கடைசியில சால்ஸ்பர்க்ல இருந்து குடும்பத்தோட மலை ஏறி சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச்சுப் போறதாக் காட்டுறாங்க. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். சால்ஸ்பர்க் பக்கத்துல மலையைத் தாண்டினா வர்றது ஜெர்மனி. எவன்கிட்ட இருந்து தப்பிக்கணுமோ அவன் வீட்டு முற்றத்துல போய் இறங்குவாங்க. நிஜமான அந்தக் குடும்பம் ரயில் ஏறி இத்தாலிக்குத்தான் போச்சு.

தமிழ்நாடு-கேரளா எல்லையோரத்துல பிறந்தவனுக்கு இது சும்மா விடக்கூடிய தப்பு இல்லை. எங்க ஊரையும் படத்துல இப்படித்தான் எடுக்கிறாங்க. களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டுவாங்க, அடுத்த ஷாட்டுல அதிரப்பள்ளி அருவி கொட்டும். அது திருச்சூர் மாவட்டம், பஸ்ஸுல போனா பகல் முழுக்கப் போகணும். எங்க ஆளுக்க வாயில பாதி மலையாளத்தையும் பாதி திருநெல்வேலியையும் திணிச்சு விடுவாங்க. நாங்க "எனக்க", "உனக்க"ன்னு பேசுறது திருவிதாங்கூர்ல இருந்தப்பவும் தமிழ்தான், 1956 நவம்பர் 1ல மதராஸ் மாநிலத்தோட சேர்ந்த அப்புறமும் தமிழ்தான்.

என் ஊர்ல நடந்த தப்பு எனக்குத் தெரியுது. ருமேனியாவுல, பல்கேரியாவுல அதே மாதிரி தப்பு நடந்தா எனக்குத் தெரியவா போகுது? கொள்ளாம்னு 8 போட்டுட்டு நிம்மதியா தூங்கிடுவேன். அந்த நாடுகள்ல இருந்தவங்க, நிறையப் பார்த்தவங்க சொல்லுங்க. படம் தன் ஊரை அறிஞ்சு எடுத்ததுன்னு திரையில எதை வச்சு அடையாளம் காணுறீங்க?

---

அருமனைக்காரி

அண்ணா, நான் அருமனை. எட்டு வருஷமா அயர்லாந்துல, கார்க் பக்கம் நர்ஸா இருக்கேன். நீங்க கேட்டதை நான் நேர்லயே பார்த்தேன்.

தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின் 2022ல வந்தப்போ எங்க வார்டே ரெண்டு கட்சி ஆயிட்டு. கதை 1923ல நடக்குது, அங்க உள்நாட்டுச் சண்டை முடியிற சமயம். கரையோரத் தீவுல ரெண்டு சிநேகிதன்மார். ஒருத்தன் ஒருநாள் திடீர்னு இனி உன்கூடப் பேச்சு இல்லைங்கிறான். மேற்குக் கரையில இருந்து வந்த ஒரு அக்காவுக்குப் படத்து மேல அடங்காத கோபம். எப்பப் பார்த்தாலும் எங்களைக் கழுதையோட தீவுல நிறுத்தி வச்சுத்தான் காட்டுவாங்களா, இனிஷெரின்னு ஒரு தீவே கிடையாது, எழுதி எடுத்தவர் பிறந்தது லண்டன்ல, அப்படின்னு சொல்லிட்டே இருந்தாங்க. எங்க போர்ட்டர் வயசானவர். அவர் டீக் கப்பைக் கீழ வச்சுட்டுச் சொன்னார்: எங்க தாத்தாவும் அவர் தம்பியும் அந்தச் சண்டையில எதிர் எதிர்ப் பக்கம் நின்னவங்க, சாகிற வரைக்கும் பேசலை, இந்தப் படம் அவங்கதான்.

ஒரே நாட்டுக்காரங்க ரெண்டு பேர், ஒரே படம். ஒருத்தர் 2 போடுவார், இன்னொருத்தர் 10 போடுவார். அப்போ அந்த நாட்டுல பிறந்தாத்தான் சரியா மார்க் போட முடியும்னு சொல்லவும் முடியலை.

ஆனா தி கொயட் கேர்ள் வந்தப்போ ரெண்டு கட்சியும் வாயைத் திறக்கலை. அதுவும் 2022தான், பெரும்பாலும் ஐரிஷ் மொழியிலயே பேசுற படம். ஐரிஷ்ல எடுத்து ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன முதல் படம் அது. 1981ல நடக்கிற கதை. பிள்ளைங்க நிறைய உள்ள வீட்டுல இருந்து ஒரு சின்னப் பெண்ணை, சொந்தக்காரங்க பண்ணைக்கு அனுப்புறாங்க. அந்த வீட்டு மாமா முதல்ல முகம் குடுத்தே பேசமாட்டார். ஒருநாள் அடுக்களை மேசையில ஒரே ஒரு பிஸ்கட்டை வச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம எழும்பிப் போயிடுவார். அவ்வளவுதான்.

அந்த இடத்துல அந்த மேற்குக் கரை அக்கா அழுதா, நானும் அழுதேன். எங்க அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போயிட்டு வரும்போது பழம்பொரியைப் பேப்பர்ல சுத்தி ஜன்னல் திண்டுல வச்சுட்டுப் போவார். யாருக்குன்னு சொல்லவே மாட்டார். அக்கா அழுதது அவ அப்பாவை நினைச்சு. எனக்குப் பழம்பொரி, அவளுக்கு பிஸ்கட், ஆனா அடுக்களை ஒண்ணுதான்.

அதனால உங்க 10 உங்க அப்பாவுக்குப் போனதுல தப்பு ஒண்ணும் எனக்குத் தெரியலை அண்ணா. நான் அடுக்களையைத்தான் பார்ப்பேன். பாத்திரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சு கை போகுதா, தேடிப் போகுதா? வேத்து வீட்டுல நடிக்கிறவங்க கை தேடும்.

---

கொழிஞ்சாம்பாறை ஆபரேட்டர்

தம்பி, நான் முப்பது வருசத்துக்கு மேல தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன். கார்பன் குச்சி எரிச்சுப் படம் ஓட்டுன காலத்து ஆள். நாங்க இங்க கேரளாவுக்குள்ள இருந்துட்டுத் தமிழ் பேசுறவங்க. அதனால உங்க கோபம் எனக்கு நல்லாப் புரியுது. ஆனா ஆஸ்திரியாவுக்கு நீங்க எடுத்த படம் சரியில்ல. அதை அடிச்சுட்டு தி தேர்ட் மேன் பாருங்க, 1949.

அதை எடுத்த கேரல் ரீட் இங்கிலாந்துக்காரர். வெளியாள்தான். ஆனா யுத்தம் முடிஞ்சு இடிஞ்சு கிடந்த வியன்னாவுக்கே போய் எடுத்தாரு. அப்ப அந்த ஊரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத்துன்னு நாலா பங்கு போட்டு வச்சிருந்தாங்க. பங்கு போட்ட ஊர்ல கள்ளச் சந்தைக்காரன் எப்பிடிப் பொழைப்பான், எந்தப் பக்கம் ஓடுனா எந்தப் போலீசு பிடிக்காதுங்கறதுதான் கதையே. கள்ளச்சாராயமும் அரிசியும் வாளையாறு வழியா எப்பிடிப் போச்சுன்னு பார்த்து வளர்ந்த எனக்கு அதைத் தனியா யாரும் விளக்க வேண்டியதில்ல. இசைக்கும் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைக்கல. வியன்னாவுல ஒயின் விடுதியில ஜிதர்ங்கற தந்தி வாத்தியம் வாசிச்சுட்டு இருந்த ஆன்டன் கராஸைக் கூப்பிட்டு, அந்த ஒத்தை வாத்தியத்தை வச்சே படம் முழுக்க முடிச்சுட்டாங்க. அந்தச் சத்தம் அந்த ஊர்ச் சத்தம். வெளியூர்க்காரன் படம் எடுத்தா நான் இதைத்தான் பார்ப்பேன்: உள்ளூர்க்காரன் வாயையும் கையையும் நம்பி ஒரு இடத்தையாவது விட்டுக் கொடுத்தானா?

இன்னொன்னு சொல்லணும். 2002ல லகானுக்கு ஆஸ்கர் வரும்னு நாங்கெல்லாம் விடியக்காலமே எந்திரிச்சு உக்காந்திருந்தோம். போஸ்னியாப் படம் நோ மேன்ஸ் லேண்ட் தட்டிட்டுப் போயிருச்சு. அந்தக் கோபத்துல ரெண்டு வருசம் அந்தப் படத்தைத் தொடவே இல்ல. அப்புறம் ஒருநாள் டிவிடியில போட்டேன். ரெண்டு படைக்கும் நடுவுல ஒரு பதுங்குகுழி. இந்தப் பக்கத்தான் ஒருத்தன், அந்தப் பக்கத்தான் ஒருத்தன், அடியில கண்ணிவெடி வச்ச ஒருத்தன். அவன் எந்திரிச்சா எல்லாரும் போயிருவாங்க. அவன் முதுகுக்குக் கீழ இருக்கற அந்த வெடியை விட எனக்கு வலிச்சது வேற இடம். துப்பாக்கி பிடிச்சிட்டே ரெண்டு பேரும் பேசறாங்க, பன்யா லூக்கா ஊர்ல ஒரே பொண்ணை ரெண்டு பேருக்கும் தெரியுதுன்னு ஆகுது. பேசறது ஒரே பேச்சு. டிவியை நிறுத்திட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். லகானுக்காகப் பட்ட கோபம் அன்னைக்குப் போயிருச்சு.

அந்த ஸ்வீடன் 5ஐ மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். உங்களுக்கு இப்ப நாப்பத்தி சொச்சம்தான் இருக்கும். எனக்கு 71. அந்தக் கிழவனா நடிச்ச விக்டர் ஷோஸ்ட்ரோம், ஊமைப்பட காலத்துலயே பெரிய டைரக்டர். சாகறதுக்கு ஒரு மூணு வருசம் முன்னாடி நடிச்ச படம் அது. பெர்க்மன் ஸ்வீடனைக் காட்டறாருன்னு நினைச்சுப் பார்க்காதீங்க, அந்த மூஞ்சியைக் காட்டறாரு. அப்பாவைப் பக்கத்துல உக்காத்தி வச்சு இன்னொருக்கா பாருங்க.

---

செங்கோட்டை டீச்சர்

ரெண்டே விஷயம். மாசிடோனியான்னு நீங்க எழுதி வச்சிருக்கிற ஹனிலேண்டுல ஹதிஜே பேசுறது மாசிடோனிய மொழியே இல்லை, துருக்கி மொழி. அந்த நாட்டுல காலங்காலமா இருக்கிற துருக்கிக் குடும்பம். தலைநகர் ஸ்கோப்யே சந்தைக்குத் தேன் விக்கப் போனாத்தான் அவங்களுக்கு மத்த மொழி வேணும். படம் எடுத்தவங்க மூணு வருஷம் கூடவே இருந்து, சுமார் 400 மணி நேரம் படம் பிடிச்சிருக்காங்க, பெரும்பாலும் பேச்சு என்னன்னே புரியாம. நாமளும் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்துட்டுத் தமிழ் பேசினவங்கதான். உங்க 10க்கு இது ஒண்ணே போதும்னு எனக்குத் தோணுது.

போலந்துக்கு என்ன போட்டீங்கன்னு சொல்லலையே. கீஸ்லோவ்ஸ்கியோட டெகலாக் பார்த்திருந்தா ஒரே மார்க் போட முடியாது. டிவிக்காக எடுத்த பத்துப் படம், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குப் பக்கம், எல்லாமே வார்சாவுல ஒரே அடுக்குமாடிக் குடியிருப்புல. ஒரு கதையில லிஃப்ட்ல நின்னவர் இன்னொரு கதையில நாயகரா வருவார். எங்க தெருவுல எல்லாரையும் எனக்குத் தெரியும், ஆனா முழுசா யாரையும் தெரியாது. அந்த மாதிரி.

---

தேன்பெட்டி (விளவங்கோடு)

மூணு பேருக்கும் நன்றி. டீச்சர், துருக்கி மொழி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. சப்டைட்டில் ஓடினதால காது குடுத்துக் கேட்கவே இல்லை. இவ்வளவு பேசிட்டு நானே அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். போலந்து காலியாத்தான் இருக்கு, டெகலாக் தேடுறேன். அதுக்குப் பத்து வரி விட்டு வச்சாச்சு.

ஆபரேட்டர் ஐயா, நேத்து ராத்திரி நீங்க சொன்னபடியே அப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சு வைல்ட் ஸ்ட்ராபெரீஸ் போட்டேன். அப்பாவுக்கு சப்டைட்டில் வாசிக்க வராது, இடையிடையே நான்தான் சொல்லிக் குடுத்தேன். டாக்டர் கனவுல ஆள் இல்லாத தெருவுல முள் இல்லாத கடிகாரம் தொங்குமே, அங்க நான் பேச்சை நிறுத்திட்டேன். அப்பாவும் என்னன்னு கேட்கலை. முடிஞ்ச பிறகு, "அந்த ஆளு பெரியப்பாவைப் பார்க்க எப்பம் போவாரு?"ன்னு கேட்டார். படத்துல பெரியப்பாவே கிடையாது. எங்க பெரியப்பா போன வைகாசியில தவறிட்டார், ஒரு வார்த்தை பேசாமலேயே.

5ஐ அடிச்சுட்டேன். வேற எண் எழுத இன்னும் கை வரலை.

அருமனைத் தங்கச்சி, தி கொயட் கேர்ளை அயர்லாந்துப் பக்கத்துல எழுதிட்டேன், அடுத்து அதுதான். அடுக்களையைப் பார்க்கணும்னு சொன்னதை அட்டையில உள்பக்கமா எழுதி வச்சிருக்கேன். ஆபரேட்டர் ஐயா சொன்ன ஜிதரையும் அதுக்குக் கீழ.

டிசம்பர்ல திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போவேன். களியக்காவிளையில விடியக்காலம் பஸ் ஏறினா தம்பானூர்ல இறங்கி கைரளி தியேட்டர் வாசலுக்கு நடந்துடலாம். முதல் காட்சிக்கே வரிசை நீளமா இருக்கும். உங்கள்ல யாராவது வந்தா வரிசையில நீல அட்டை நோட்டு வச்சிருக்கிற ஆளைப் பாருங்க. ஆளுக்கு ஒரு குப்பி ரப்பர் தேன் கொண்டு வாறேன்.