கூடப் பிறந்தவருக்கு ஆளுமைக் கோளாறு: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அல்சூர் அக்கா

என் தம்பிக்கு 34 வயது. ஆளுமைக் கோளாறில் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் என்ற வகை என்று பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் சொல்லிச் சில வருடம் ஆகிறது. இந்த மாதிரி வீடுகளில் பெற்றோருக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. அக்கா, தங்கைக்கு "நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்ற ஒரு வரிதான். அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

என் மகளின் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அதற்காகத் தம்பிதான் ஓடியாடினான். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பட்டுப்பாவாடை, சிவாஜி நகரில் சீர்த்தட்டு என்று எல்லாம் அவன் பொறுப்பு. முந்தின நாள் ராத்திரி, தட்டு தூக்க என் சித்தி மகனையும் வரச் சொல்லியிருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். "என்னை நம்பலை இல்ல?" என்று தொடங்கி விடிய விடிய வாட்ஸ்அப். காலையில் போன் ஸ்விட்ச் ஆஃப். கோயிலில் ஆசாரி தயாராக உட்கார்ந்திருக்கிறார், சொந்தக்காரர்கள் எல்லாம் என் முகத்தையே பார்க்கிறார்கள். கடைசியில் அந்தச் சித்தி மகன் மடியிலேயே குத்தினோம். அவனும் முறைக்கு மாமன்தானே. அடுத்த வாரம் தம்பி வெள்ளிக் கொலுசோடு வாசலில் நிற்கிறான். கண் கலங்கி, "நீதான்க்கா எனக்கு எல்லாம்" என்கிறான்.

சொந்தத்தில் இதை நடிப்பு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்று ராத்திரி நான் விரோதியாகத் தெரிந்ததும் நிஜம், அடுத்த வாரம் தெய்வமாகத் தெரிந்ததும் நிஜம். மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது, அதில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். பட்டியலில் முதலில் வருவதே கைவிட்டுவிடுவார்களோ என்ற பயமும் அதைத் தடுக்கப் படும் பாடும்தான். சித்தி மகனைக் கூப்பிட்டது எனக்கு ஒரு கூடுதல் கை, அவனுக்கு அது கைவிடல்.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு ஏற்பாடு. ராத்திரி பத்துக்கு மேல் உயிர் போகிற விஷயம் தவிர எதற்கும் போனில் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு டிபன். கொஞ்சிய வாரமும் சரி, திட்டிய வாரமும் சரி, இரண்டும் மாறாது. முதலாவது மட்டும் இருந்தால் அவனுக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்திருக்கும். ஆரம்பத்தில் தொல்லை இன்னும் கூடியது. அவன் நிறுத்தினால் அம்மா கூப்பிடுவார்: "அழறான்மா, ஒரே ஒரு வார்த்தை பேசேன்." தம்பியைவிட அம்மாவை வழிக்குக் கொண்டுவரத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

வைட்ஃபீல்டு தம்பி

எனக்கு அண்ணன். பாரனாய்டு வகை, அதாவது யாரையும் நம்பாமல் சந்தேகப்படும் ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். காதில் குரல் கேட்பது, இல்லாததைப் பார்ப்பது எதுவும் கிடையாது. வேலைக்குப் போகிறார், வரி கட்டுகிறார். ஆனால் ஆம்பூர் பக்கம் இருக்கிற பூர்வீக வீட்டை நான் என் பெயருக்கு மாற்றிவிட்டேன் என்று நம்புகிறார். வில்லங்கச் சான்று எடுத்துக் காட்டினேன். "இதையும் மாத்தி வாங்கிட்டியா?" என்றார்.

அதோடு நிரூபிப்பதை விட்டேன். வீட்டு விஷயம் எல்லாம் மெயிலில் மட்டும், அதுவும் அண்ணிக்கு ஒரு காப்பியோடு. கிரிக்கெட், பசங்க படிப்பு பற்றி மட்டும் நேரில் பேசுகிறோம். டாக்டரிடம் வர மாட்டேன் என்பவரைத் தூக்கிப் போய்ச் சேர்க்கவும் முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவரைச் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் அவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்தும் சொல்ல வேண்டும். சந்தேகப் புத்தி மட்டும் போதாது. என் கோபத்தில் அது அநியாயமாகப் பட்டது. இப்போது சரி என்றே படுகிறது, சொத்துச் சண்டை இருக்கும் வீட்டில் இது எப்படியெல்லாம் பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

கே.ஆர்.புரம் தங்கை

அல்சூர் அக்கா, "உயிர் போகிற விஷயம் தவிர" என்று எழுதியிருக்கிறீர்களே, என் அக்கா கையில் எடுப்பதே அதைத்தான். "நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி." சும்மா மிரட்டுகிறாள் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். போன வருடம் மிரட்டலாக நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே அப்பா தயங்கினார், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று. அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. நல்லவேளை, ஆட்டோக்காரரே "முதல்ல ஏத்துங்க சார்" என்று அதட்டினார்.

இப்போது அவள் அப்படிச் சொன்னால் வாதாடுவதில்லை. "சாகணும்னு தோணுதா? இப்பவா? வீட்ல யார் இருக்கா?" என்று நேராகவே கேட்கிறேன். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம் என்று அவளுடைய டாக்டரே சொன்னார். ஆபத்து என்று பட்டால் தனியாக விடாமல் எமர்ஜென்சி. குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

பெயர் வேண்டாம்

இதற்கு மருந்து உண்டா? எங்கள் தம்பிக்கும் பார்டர்லைன்தான். வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று.

அல்சூர் அக்கா

தங்கைக்கு: மிரட்டலா நிஜமா என்று நாம் தீர்ப்பு சொல்லப் போகக் கூடாது. அந்த மாதிரி போன் வந்தால் பத்து மணிக் கணக்கு எனக்கும் கிடையாது.

பெயர் வேண்டாம், இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றத்துக்குக் கொடுப்பார்கள். பேச்சுச் சிகிச்சைதான் முக்கியம். தம்பி போவது டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி), உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கிளாஸ் மாதிரி சொல்லித்தரும் பேச்சுச் சிகிச்சை. அதை உருவாக்கிய மார்ஷா லினஹன், இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்று 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் தம்பி கிளாஸுக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தான். பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. வேலையும் உறவும் நிலைப்பதற்குத்தான் அதைவிட நாளாகிறது.

கால்கட்டு பற்றி: எங்கள் மாமாவும் அதையே சொன்னார். பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டியது தம்பிதான், நோய் அவனுடையது. அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் அவர்கள் என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று எங்கள் வீட்டில் முன்பே சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.