குளிர்காலத்தில் என் குதிரைகளோடு ஒரு நாள்: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

குளிர்காலம் வந்தால் குதிரைக்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு நேர்மாறு. வருடத்திலேயே என் குதிரைகளை நான் அதிகம் தொட்டுத் தடவிப் பார்ப்பது இந்த மாதங்களில்தான், ஏனென்றால் அடர்ந்த ரோமம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது, கண் சொல்வதை நம்ப முடியாது. என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். வயதான பெண் குதிரையைப் பெரியவள் என்போம். இன்னும் முழுதாகப் பழகாத இளங்குதிரை சின்னவன். பனி உறைந்து கிடக்கும் ஒரு நாள் எங்களுக்கு எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன்.

விடியும் முன்பே லாயத்துக்குப் போய்விடுவேன். போனதும் தீனி போடுவதில்லை. ராத்திரி எவ்வளவு லத்தி போட்டிருக்கிறார்கள், அது ஈரப்பதமாக இருக்கிறதா இல்லை சின்னச் சின்ன உருண்டையாகக் கெட்டிப்பட்டிருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, இதைத்தான் முதலில் பார்ப்பேன். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் அது சட்டென்று குறைந்துவிடும். அதே சமயம் தின்பது முழுக்கக் காய்ந்த புல்லாக மாறியிருக்கும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், காய்ந்த புல்லில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூட. அப்படியானால் கோடையில் மேய்ச்சலிலேயே கிடைத்துவந்த ஈரம் முழுவதும் இப்போது தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். வராவிட்டால் குடலில் தீனி அடைத்துக்கொண்டு வயிற்றுவலி வரும்.

அதனால் வெந்நீர் கொண்டுபோய்க் கலந்து வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கிறேன். மேலே படர்ந்த ஐஸை உடைத்தால் மட்டும் போதாது, துண்டுகளை அள்ளி வெளியே எறிய வேண்டும், இல்லையென்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். தீனியில் கொஞ்சம் உப்பும் சேர்ப்பேன், தாகம் எடுக்கட்டும் என்று. "பனியைத் தின்று சமாளித்துக்கொள்ளும்" என்று சொல்பவர்கள் ஒரு வாளி நிறையப் பனியை அள்ளி உருக்கிப் பார்க்கட்டும், அடியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்று.

அப்புறம் புல். குளிர் கூடினால் தானியத்தை ஏற்றுவது பலருக்குப் பழக்கம், நான் புல்லைத்தான் கூட்டுவேன். புல்லின் நார் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது, அது குதிரைக்குள்ளேயே எரியும் அடுப்பு. சாதாரண நாளில் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் புல் போதும், கடுங்குளிரில் அதற்கும் மேலே போகலாம். பெரியவளுக்குப் பல் தேய்ந்துவிட்டது. பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பி வைக்கிறாளா என்று கீழேயும் பார்ப்பேன். துப்பினால் அவளுக்கு ஊறவைத்த தீனிதான்.

அவர்கள் தின்னும்போது கையுறையைக் கழற்றிவிட்டு விரல்களை ரோமத்துக்குள் விட்டு விலாவை அழுத்திப் பார்ப்பேன். குளிர்கால ரோமத்தில் எலும்பும் தோலுமான குதிரைகூடக் கொழுகொழுவென்று தெரியும். உடல் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெக் அளவுகோல் 1983இல் வந்தது. அதில் 5ஐ ஒட்டி இருந்தால் விலா கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படும். பெரியவளை அதற்குக் கொஞ்சம் மேலேயே வைத்திருக்கிறேன், முதுமையில் இளைத்தால் பனிக்கு நடுவே திரும்ப ஏற்றுவது பெரும்பாடு.

குளம்புக்கு வருவோம். லாடம் அடித்த குளம்பில் பனி உருண்டையாகக் கெட்டித்து, குதிரை ஐஸ் பந்தின் மேல் நிற்பது போல் ஆகிவிடும், கணுக்கால் பிசகும். சின்னவனுக்கு இந்தக் காலத்தில் லாடமே கிடையாது, அதனால் அவ்வளவு ஒட்டாது. இருந்தாலும் வெளியே விடும் முன்பும் உள்ளே வந்த பின்பும் குத்திச் சுத்தம் செய்து முகர்ந்து பார்ப்பேன். அடியில் முக்கோணமாக இருக்கிற மெத்தைப் பகுதியில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குளிரில் குளம்பு மெதுவாகத்தான் வளரும், அதற்காகச் சீவாமலே விட்டுவிடக் கூடாது.

பயிற்சி நடுப்பகலில்தான், இருக்கிற கொஞ்சம் வெளிச்சமும் வெயிலும் அப்போதுதான் கிடைக்கும். கடிவாள இரும்பை முதலில் என் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவேன். உறைந்த இரும்பை வாயில் திணித்தால் அடுத்த நாள் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் என்ன செய்யும்? பெரியவளுக்கு நடை மட்டும், மூட்டு இளகும் வரை. மென்மையான பனி கணுக்கால் அளவு இருந்தால் அதில் நடப்பதே நல்ல உழைப்பு. தரை கல்லாக உறைந்திருந்தால் சின்னவனுக்கும் டிராட், கேன்டர் என்கிற ஓட்டங்கள் எதுவும் இல்லை, அந்த அதிர்ச்சி நேராகக் காலுக்குப் போகும்.

அப்போது என்ன செய்வது என்று கேட்டால், வருடத்தின் மிக நல்ல பயிற்சியே அதுதான் என்பேன். கயிற்றோடு தரையில் நின்று: பின்னால் நகர், இடுப்பை விலக்கு, நில், கம்புகளைத் தாண்டி ஒவ்வொரு காலாக எடுத்து வை. இதில் எல்லாமே விடுவிக்கும் நொடியில் இருக்கிறது. கயிற்றில் மெல்ல அழுத்தம் கொடுக்கிறேன், அவன் எடையைப் பின்னுக்குச் சாய்க்கத் தொடங்கிய கணமே விட்டுவிடுகிறேன். முழு அடி எடுத்து வைக்கட்டும் என்று காத்திருந்தால், எதற்காக விட்டோம் என்பது அவனுக்குப் புரியாமல் போகும். வேகமான பயிற்சியில் இந்தக் கணம் கையில் சிக்காமல் ஓடிவிடும். குளிரில் எல்லாம் மெதுவாக நடப்பதால் அவன் தோளில் தசை அசைவதுகூடக் கயிறு வழியாக என் விரலுக்கு வருகிறது.

போன குளிர்காலத்தில் இப்படிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது லாயக் கூரையிலிருந்து பனிப்பாளம் ஒன்று மொத்தமாகச் சரிந்து தொப்பென்று விழுந்தது. சின்னவன் நாலு காலும் தரையில் படாமல் துள்ளினான். கயிற்றைப் பிடித்து இழுக்காமல் நீளமாக விட்டேன், அவன் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்க்கட்டும் என்று. பயந்த குதிரை பயந்ததைப் பார்க்க நினைக்கும், அதைத் தடுத்தால்தான் ஓட்டம். மூக்கு விரிய நின்று பார்த்தான், பெருமூச்சு விட்டான். உடனே அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்: இரண்டடி பின்னால். செய்தான். பிறகு அதே இடத்தை இரு பக்கமும் மாற்றி மாற்றி நடந்து கடந்தோம். இப்போது கூரைச் சத்தம் கேட்டால் காதை மட்டும் திருப்புகிறான். அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

முடிந்ததும் ஆறவைப்பது பெரிய வேலை. இந்த ரோமத்துக்குள் வியர்த்தால் லேசில் காயாது, நனைந்த ரோமம் குளிரைத் தாங்காது. நடத்தி ஆறவிட்டு, துண்டால் ரோமத்தின் எதிர்த்திசையில் தேய்த்து, மார்பிலும் முன்னங்கால் இடுக்கிலும் தோல்வரை காய்ந்ததா என்று விரலால் பார்த்த பிறகுதான் விடுவேன். உங்கள் நாள் எப்படிப் போகிறது? எழுதுங்கள்.

* * *

தண்ணீரைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை, நான் நேரில் அனுபவித்தவன். எங்களிடம் இருந்தது தானாக நிரம்பும் தொட்டி. குழாய் ராத்திரியில் உறைந்துபோனது வெளியே தெரியவில்லை, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தது. மறுநாள் மாலை எங்கள் குதிரை புல்லைத் தொடாமல் அடிக்கடி தன் வயிற்றையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். உருளவில்லை, உதைக்கவில்லை, சோர்ந்து நின்றான், அவ்வளவுதான். தாடைக்கு அடியில் நாடி பார்த்தேன், 60க்கு மேலே. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். வயிற்றில் காது வைத்தால் வழக்கமான கடமுடா சத்தமும் இல்லை. உடனே மருத்துவரை அழைத்தோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குத் தண்ணீரும் எண்ணெயும் செலுத்தினார். விடிவதற்குள் லத்தி போட்டான், அதைப் பார்த்து என் மனைவி அழுதே விட்டாள். இப்போது அளவு போட்ட வாளிகள்தான் வைக்கிறோம். எவ்வளவு குடித்தான் என்று தெரிய வேறு வழி இல்லை. நாடி பார்க்கத் தெரியாதவர்கள், குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே கற்றுக்கொள்ளுங்கள், ப்ளீஸ்.

* * *

நான் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, போர்வை. ரோமம் வளர்வது குளிரால் அல்ல, பகல் குறைவதால், அதனால்தான் கோடை முடியும் முன்பே முளைக்கத் தொடங்குகிறது. ரோமம் வெட்டாத, ஆரோக்கியமான, ஒதுங்க இடமுள்ள குதிரைக்குக் காய்ந்த குளிரில் போர்வை பெரும்பாலும் தேவைப்படாது, ரோமம் சிலிர்த்து நின்று காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையும் காற்றும் சேர்ந்தால் கதை வேறு, கிழக் குதிரைக்கும் வேறு. போட்டால் தினமும் கழற்றிப் பாருங்கள், தோள் உராய்ந்து புண்ணாகியிருப்பது மேலிருந்து தெரியாது.

இரண்டாவது, பனி வெளிச்சத்திலிருந்து லாயத்துக்குள் நுழைவது. என் குதிரை நடுப்பகலில் மட்டும் வாசலில் அடம்பிடித்து நிற்பான், மற்ற நேரம் சமர்த்தாக உள்ளே போவான். பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். குதிரையின் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும், பனியில் கண் கூசி வந்தவனுக்கு அந்த வாசல் ஒரு கறுப்புப் பள்ளம்தான். இப்போது உள்ளே விளக்கைப் போட்டு வைத்துவிட்டு, வாசலில் கயிற்றைத் தளர்த்தி அவனை நிற்க விடுகிறேன். தலையைத் தாழ்த்திப் பார்ப்பான், தானே நடப்பான், இழுபறி நின்றுவிட்டது. உங்களில் யாருக்காவது நடுப்பகலில் மட்டும் இப்படி அடம்பிடிக்கும் குதிரை இருந்தால் நாளைக்கே செய்து பாருங்கள்.