வேன் கூரை சோலாருக்கு எத்தனை எம்எம் வயர்? ராமநாதபுரம் கடலோர அனுபவங்கள்

மண்டபம்

வேன்ல 200 வாட் பேனலும் 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரியும் வைக்கிறவங்க கூரையில ஓடுற வயருக்குத்தான் காசைக் கொட்டுறாங்க. பேனல் கரண்டை அளவா பேட்டரிக்கு ஏத்துற சார்ஜ் கன்ட்ரோலர்லேர்ந்து பேட்டரிக்குப் போற ஒண்ணரை மீட்டரை மிச்சம் கிடந்த வயர்ல முடிச்சுடுறாங்க. அது நேர்மாறா இருக்கணும். கூரை வயர்ல வோல்ட் குறைஞ்சா கொஞ்சம் வாட் போகும், பெரிய நஷ்டமில்ல. பேட்டரி வயர்ல குறைஞ்சா கன்ட்ரோலரே ஏமாந்துடும். தன் முனையில 14.4 வோல்ட் வந்ததும் பேட்டரியிலயும் 14.4 இருக்குன்னு எடுத்துக்கிட்டு ஆம்பியரைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரியில அப்ப 14.1தான் இருக்கும். சின்ன கன்ட்ரோலர் பலதுல கடைசிக் கட்ட சார்ஜுக்கு 2 மணி நேரம்னு கணக்கு வச்சிருக்கும். அந்தக் கணக்கும் அப்பவே ஓட ஆரம்பிச்சுடும். பொழுது சாயுறதுக்குள்ள பேட்டரி நிரம்பாது. லெட் ஆசிட் பேட்டரின்னா தினமும் அரைகுறையா நின்னு சல்பேட் படியும்.

வயர்ல எத்தனை வோல்ட் குறையும்னு கணக்கு: போக வர மொத்த நீளம் × ஆம்பியர் × 0.02 ÷ ஸ்கொயர் எம்எம் (உள்ள இருக்கிற செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, வயர் அளவா சொல்ற எம்எம் இதுதான்). செம்புக்குப் புத்தகத்துல 0.0172 போட்டிருக்கும், அது 20 டிகிரிக்கு. கூரைத் தகட்டை ஒட்டி வயர் 60 டிகிரிக்குப் போனா தடை 16 சதவீதம் ஏறும். அதனால இங்க 0.02தான் சரி.

3 மீட்டர், 15 ஆம்பியருக்கு: 2.5ல 0.36 வோல்ட் போகுது, 4ல 0.22, 6ல 0.15, 10ல 0.09. இந்த இடத்துல 0.1க்கு மேல விடக்கூடாது. 10 போடுங்க.

ஏர்வாடி

கணக்கு சரிண்ணே. ஆனா சின்ன கன்ட்ரோலர் நிறையதுல 6க்கு மேல வயர் நுழையாது. நுழையலன்னு நாலு இழையை வெட்டிட்டு முறுக்கித் திணிக்கிறாங்க, அந்த இடமே சூடாகிக் கருகுது. அதுக்கு கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்துல நகர்த்துறது மேல். 1 மீட்டர் தூரத்துல 6 எம்எம் போட்டாலே 0.1தான் போகும். கூரை வயர் அரை மீட்டர் கூடினா பரவாயில்ல.

பியூஸ் பேட்டரி பிளஸ்லேர்ந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும், 15 ஆம்பியருக்கு 25 போதும். வீட்டு ஏசி கரண்டுக்கான எம்சிபி ட்ரிப் சுவிட்சை இங்க மாட்டாதீங்க, பேட்டரியோட டிசி கரண்ட்ல தீப்பொறி அறுபடாம உள்ளேயே எரியும். டிசி எம்சிபியிலயும் பிளஸ் மைனஸ் குறி போட்டது உண்டு. அதை மாத்திக் கொடுத்தா அதே கதிதான்.

தொண்டி

கூரை வயரில் பெரிய நஷ்டமில்லை என்பது எம்பிபிடி (பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும்) கன்ட்ரோலருக்குப் பொருந்தும். பிடபிள்யூஎம் (பேனலை நேராகப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் எளிய வகை) வைத்திருப்பவர்கள் அதை நம்பிவிடக் கூடாது. 36 செல் பேனலில் 18 வோல்ட் என்று எழுதியிருப்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.4 சதவீதம் வீதம் குறைந்து 15.1 வோல்ட்தான் மிஞ்சும். பேட்டரிக்கு 14.4 வேண்டும், கைவசம் இருப்பது 0.7. போக வர 10 மீட்டரில் 2.5 எம்எம் வயர் 11 ஆம்பியருக்கு 0.88 வோல்ட்டைத் தின்றுவிடும். பேனல் புதிது, பேட்டரி புதிது, நடுப்பகலில் சார்ஜ் ஏறவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிடபிள்யூஎம் என்றால் கூரைக்கும் 6 எம்எம்.

எம்பிபிடியாக இருந்து இரண்டு 100 வாட் பேனல் இருந்தால் சீரீஸில் இணைக்கலாம். 36 வோல்ட், 5.5 ஆம்பியர். 4 எம்எம்மில் 0.28 வோல்ட்தான் இழப்பு, ஒரு சதவீதம்கூட இல்லை. கன்ட்ரோலர் தாங்கும் வோல்ட்டை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சுமை இல்லாதபோது இரண்டும் சேர்ந்து 44 வரை போகும். பனை நிழலில் பாதி நாள் நிற்கும் வண்டிக்கு பேரலல்தான் நல்லது.

கீழக்கரை

வயர் வாங்கும்போதுதான் பாதிப் பேர் ஏமாறுறாங்க பாய். ஆட்டோ வயர்ல சிலது மேல் உறையோட சேர்த்த விட்டத்தை 6 எம்எம்னு சொல்லி வரும். உள்ள செம்பு அதை விடக் கம்மி. பழைய எலக்ட்ரீசியன் 7/20னு கேட்பாரு, அதாவது பழைய இங்கிலீஷ் கேஜ்ல 20ஆம் நம்பர் இழை ஏழு, அது நாலரை ஸ்கொயர். கன்ட்ரோலர் கையேட்டுல 10 கேஜ்னு (அமெரிக்க கேஜ், ஏடபிள்யூஜி) இருந்தா அது 5.3 ஸ்கொயர், 10 எம்எம் இல்ல.

நுனியைச் சீவி இழையை எண்ணுங்க. 0.3 மி.மீ. இழையில 2.5க்கு 36, 4க்கு 56, 6க்கு 84 இருக்கும். ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்துக்குச் செம்பு முலாம், தடை ஒண்ணரை மடங்குக்கு மேல. டின் பூசின நல்ல வயருக்கு வெளிய வெள்ளை, உள்ள செம்பு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

தங்கச்சிமடம்

தீவுப் பக்கம் இதெல்லாம் சரியா செஞ்சும் ரெண்டு வருஷத்துல கெடுறது உப்புக்காத்தாலதான். 2025ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் பண்ணின இணைப்புன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காங்க. நம்ம வயர் எம்மாத்திரம்.

சாதாரண வயர்ல பச்சைக் களிம்பு நுனியோட நிக்காது. ஈரம் இழைகளுக்கு நடுவுல ஊறி உறைக்குள்ள ஏறும். வெளிய பார்த்தா புதுசு மாதிரி இருக்கும், ஒரு சாண் உள்ள சீவினாலும் கருப்பா வரும். அதுக்கப்புறம் நுனியில இருக்கிற லக்கை (போல்ட்ல மாட்டுற உலோகக் காது) மட்டும் மாத்திப் பிரயோஜனமில்ல, முழு வயரையும் எடுக்கணும். கூரைக்கு ஐஎஸ் 17293 முத்திரை போட்ட, டின் பூசின சோலார் டிசி கேபிள் வாங்குங்க. வீட்டு வயரிங் பிவிசி அந்த வெயில்ல வெடிச்சுடும், வெடிப்பு வழியா உப்பு இறங்கும்.

லக்கும் டின் பூசினதா இருக்கட்டும். கட்டிங் பிளேயரால நசுக்காம கிரிம்பிங் டூல்ல அழுத்துங்க, மேல உள்பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற குழாய்) போடுங்க. பசை உருகி ஓரத்துல கசியுற வரைக்கும் சூடு காட்டணும், அப்பதான் காத்து போகாது. பேனல் வயரை மாட்டுற எம்சி4 கனெக்டர்ல ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியா இருக்கணும். கூரைத் துளைக்கு வர்ற வயரை ஒரு கை அளவு கீழ தொங்கவிட்டு மேல ஏத்துங்க, தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். மைனஸுக்கு வண்டி பாடியை நம்பாதீங்க, போல்ட்டுக்கு அடியில துரு பிடிச்சதும் சார்ஜ் தள்ளாடும்.

உச்சிப்புளி

போட்டு முடிச்சதும் நல்ல வெயில்ல, பேட்டரி பாதி காலியா இருக்கும்போது மல்டிமீட்டரை வைங்க. ஒரு முனை கன்ட்ரோலரின் பேட்டரி பிளஸ்ல, இன்னொண்ணு பேட்டரி பிளஸ் லக்குல வேணாம், பேட்டரியின் ஈயக் கம்பத்துலயே. மைனஸுக்கும் அதே மாதிரி. ரெண்டையும் கூட்டினா 15 ஆம்பியருக்கு 0.1 பக்கத்துல வரணும். 0.3 வந்தா வயரை மாத்துறதுக்கு முன்னாடி பியூஸ் ஹோல்டர் குறுக்கே தனியா அளங்க, பல தடவை குற்றவாளி அதுதான். அளவை டேப்புல எழுதி ஒட்டி வைங்க. வாடைக்காத்து முடிஞ்சு தை மாசம் திரும்ப அளந்தா எந்த ஜாயின்ட் கெடுதுன்னு தெரிஞ்சுடும்.