மிகைச்சுரப்பா, மிகைநிலையா?

குழுவினருக்கு வணக்கம். நீரிழிவு நோயாளிகளுக்கான கையேட்டில் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி பற்றிய இரண்டு பக்கங்கள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதை ‘மிகைச்சுரப்பு’ என்று எழுதிவிட்டேன். ஆனால் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரையை அளவு கடந்து விழுங்கியவருக்கும் இரத்தத்தில் ஹார்மோன் மிகுகிறது. அவருடைய சுரப்பியோ ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. இரண்டு நிலைகளையும் சேர்த்து ஆங்கில மருத்துவம் ‘தைரோடாக்சிகோசிஸ்’ என்கிறது. எவ்வழியில் மிகுந்தாலும், கல்லீரல் குளுக்கோசைக் கூடுதலாக வெளிவிட, கணையம் சுரந்து அனுப்பும் இன்சுலினும் விரைந்து சிதைந்துபோவதால், சர்க்கரை கட்டுக்குள் நிற்பதில்லை. இரண்டு நிலைகளுக்கும் பொதுவாக என்ன சொல் இடலாம்?
— மொழிபெயர்ப்பாளர்

‘டாக்சி’ என்றால் நஞ்சு; ஆகவே ‘தைராய்டு நச்சேற்றம்’ என்பதே நேரான ஆக்கம்.
— வேதியியல் ஆசிரியர்

நச்சேற்றம் என்று அச்சிட்டால், யாரோ தமக்கு மருந்து வைத்துவிட்டதாக நோயாளி அஞ்சுவார், ஐயா. தைராய்டு என்னும் ஒலிபெயர்ப்பும் நமக்கு எதற்கு? 1656ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் அச்சுரப்பிக்குப் பெயரிட்டபோது கிரேக்கரின் கேடயத்தைத்தான் எண்ணினார். கணையத்தைப் பாருங்கள்: கோட்டைக் கதவின் குறுக்குமரத்துக்கும் அதுவே பெயர், இரைப்பையின் பின்னே குறுக்காகக் கிடக்கும் உறுப்புக்கு, ‘முழுதும் தசை’ என்ற கிரேக்கப் பெயரைவிட இது எவ்வளவு பொருந்துகிறது! கேடயமும் கணையமும் ஒரே கோட்டையில் இருக்கட்டும். ‘கேடயமிகை’ என்பது என் பரிந்துரை.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கேடயமே வடசொல் வழி வந்தது. ‘கிடுகு’ அல்லவா பழந்தமிழ்?
— வேதியியல் ஆசிரியர்

யாழ்ப்பாணத்தில் கிடுகு என்றால் வேலி அடைக்கும் பின்னிய தென்னோலை. கழுத்தில் கிடுகு வீங்கியிருக்கிறது என்று நான் எந்த நோயாளியிடம் சொல்வேன்? எதிர்நிலையையும் எண்ணிப் பாருங்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்தவரின் உடலில் இன்சுலின் மெதுவாகவே கழிகிறது. இன்சுலின் ஊசி போடுபவராயின், பழைய அளவே சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளக்கூடும். ஆகவே ‘மிகைநிலை’, ‘குறைநிலை’ என்று இணையாக நிற்கும் சொற்களே உதவும்.
— மருத்துவர்

குழுவில் நால்வர் ஆதரிப்பதால் ‘தைராய்டு மிகைநிலை’ என்றே அனுப்பிவிட்டேன்; மிகைச்சுரப்பு சுரப்பிக்கு மட்டும்.
— மொழிபெயர்ப்பாளர்

நிலை என்பது எதையும் சொல்லாத சொல். கேடயத்தை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்