எஸ்.ஏ.பி-யில் ‘ஸ்கிரீன் இல்லை’ டம்ப்: எங்கே தேடணும்?

ஏபாப், கோவை

எஸ்.ஏ.பி-ங்கறது கம்பெனியோட கணக்கு, சரக்கெல்லாம் பாக்கற சாஃப்ட்வேர், ஏபாப் அதுல புரோகிராம் எழுதற மொழி. புரோகிராம் பாதில நின்னு போயி வர்ற பிழை அறிக்கைதான் டம்ப். பம்ப் கம்பெனியோ பனியன் கம்பெனியோ, மாசக் கடைசில ‘ஸ்கிரீன் இல்லை’ன்னு இந்த டம்ப் விழுந்தா எல்லாரும் கேக்கறது ஒண்ணுதானுங்க: “ஸ்கிரீனை யாரு அழிச்சது?” பெரும்பாலும் யாரும் அழிச்சிருக்க மாட்டாங்க. ஸ்கிரீன் வேற புரோகிராம்ல கெடக்கும், இல்லீன்னா இந்த சிஸ்டத்துக்கு வந்தே சேர்ந்திருக்காது.

எஸ்டி22-ல (டம்ப்பைப் பாக்கற இடம்) ‘டைன்ப்ரோ நாட் ஃபவுண்ட்’ங்கற தலைப்போட நிக்காம (டைன்ப்ரோன்னா ஸ்கிரீன்), கீழ புரோகிராம் பேரையும் நாலு இலக்க ஸ்கிரீன் நம்பரையும் குறிச்சுக்குங்க. ரெண்டையும் எஸ்இ51-ல (ஸ்கிரீன் வரையற இடம்) போட்டுப் பாருங்க. இல்லீன்னு வந்தா, எஸ்இ16-ல (டேபிளைப் பாக்கற இடம்) ஸ்கிரீன் பட்டியல் இருக்கற டி020எஸ் (D020S) டேபிளைத் திறந்து அந்த நம்பரை மட்டும் வெச்சு, புரோகிராம் பேருக்கு இசட்-ஸ்டார் (Z*) குடுத்துத் தேடுங்க. ஃபங்ஷன் குரூப்ல (ஃபங்ஷன் மாட்யூல்களைச் சேர்த்து வெக்கற தொகுப்பு) இருக்கற ஸ்கிரீன்னா குரூப் பேருக்கு முன்னால ‘எஸ்ஏபிஎல்’ (SAPL) சேர்த்துத் தேடணும். அதைச் சேர்க்காமத் தேடிட்டு ஸ்கிரீன் காணோம்னு முடிவு கட்டறது நெம்ப சகஜம்.

கோடுல வர்ற காரணத்துல கண்டுபிடிக்கச் சிரமமானது வெளிப் பெர்ஃபார்ம், அதாவது வேற புரோகிராம்ல இருக்கற ஃபார்மை (துணை நிரலை)க் கூப்பிடறது. ‘கால் ஸ்கிரீன் 100’ எழுதியிருக்கற ஃபார்மை இன்னொரு புரோகிராம்ல இருந்து கூப்பிட்டா, சிஸ்டம் 100-ஐத் தேடறது ஃபார்ம் இருக்கற புரோகிராம்ல இல்லீங்க, கூப்பிட்ட பக்கத்து மெயின் புரோகிராம்ல. அங்க 100 இல்லீன்னா டம்ப். இருந்துட்டா அதைவிட மோசம், சம்பந்தமில்லாத ஸ்கிரீன் திறந்துக்கும். ஸ்கிரீனையும் அதைக் கூப்பிடற கோடையும் ஒரே ஃபங்ஷன் குரூப்ல வெச்சு, ஃபங்ஷன் மாட்யூல் வழியாக் கூப்பிட்டா இந்தத் தொல்லையே வராது.

எம்.எம் (சரக்கு நிர்வாகம்), திருப்பூர்

அண்ணா சொன்னது சரிங்க. எங்க பக்கம் இந்த டம்ப்பை அதிகம் பாக்கறது எஸ்எம்30-ல, அதாவது டேபிள்ல பதிவு சேர்க்கற, மாத்தற இடத்துல. கலர், சைஸ், பையர் கோடுன்னு சின்னச் சின்ன இசட் டேபிள் (கம்பெனி தானா உருவாக்கினது) ஏகப்பட்டது இருக்கும். டெவலப்மென்ட்ல நல்லா ஓடும், புரொடக்‌ஷன்ல திறந்தா டம்ப்.

எஸ்இ16-ல டிவிடிஐஆர் (TVDIR) டேபிளைத் திறந்து உங்க டேபிள் பேரைக் குடுங்க. ‘ஏரியா’ங்கறது ஃபங்ஷன் குரூப், ‘லிஸ்ட்டே’ மேலோட்ட ஸ்கிரீன் நம்பர், ‘டீட்டெயில்’ தனிப் பதிவு ஸ்கிரீன் நம்பர். இரண்டு படி மெயின்டனன்ஸ்னா ரெண்டு நம்பரும் இருக்கும். அந்த ஃபங்ஷன் குரூப்பை எஸ்இ80-ல திறந்து அதே நம்பர்ல ஸ்கிரீன் இருக்குதான்னு ஒப்பிடுங்க. இல்லீன்னா, டேபிளை மட்டும் ரிக்வெஸ்ட்ல (மாற்றத்தை அடுத்த சிஸ்டத்துக்கு அனுப்பற தொகுப்பு) போட்டு, ஃபங்ஷன் குரூப்பை வெளிய போகாத லோக்கல் பேக்கேஜ்லயே விட்டுட்டாங்களான்னு பாருங்க. பேக்கேஜை மாத்தி, ஃபங்ஷன் குரூப், டிஓபிஜே (TOBJ, டேபிள் மெயின்டனன்ஸ் விவரம்) ரெண்டையும் ரிக்வெஸ்ட்ல சேர்த்து அனுப்பினாப் போதும்.

டெவலப்மென்ட்லயே விழுந்தாத்தான் ஜெனரேட்டர்ல மறுபடி உருவாக்கணும். ஆனா ஸ்கிரீன்ல கையால சேர்த்த மாட்யூல், மாத்தின லேஅவுட் அல்லாம் அப்ப போயிரும். ஃப்ளோ லாஜிக்கை முன்னாடியே காப்பி எடுத்து வெச்சுக்குங்க.

பேசிஸ் (சிஸ்டம் நிர்வாகம்), ஈரோடு

ஸ்கிரீன் எல்லா கிளையன்ட்டுக்கும் (ஒரே சிஸ்டத்துக்குள்ள நம்பர் போட்டுப் பிரிச்ச தனிப் பகுதி) பொதுவான ஆப்ஜெக்ட். “300-ல வருது, 400-ல வரலை”ன்னு சொன்னா ஸ்கிரீனைத் தேடாதீங்க, கான்ஃபிகரேஷனைத் தேடுங்க.

ஒரே சிஸ்டத்துல சிலருக்கு மட்டும் டம்ப் வந்தா, டம்ப்ல இருக்கற அப்ளிகேஷன் சர்வர் பேரைப் பாருங்க. ஒரே சர்வர்லயே விழுதுன்னா பஃபர் (சர்வர் நினைவுல வெச்சிருக்கற பழைய நகல்) சந்தேகம். எஸ்எம்51 (சர்வர் பட்டியல்) வழியா அந்த சர்வருக்குள்ள போயி ஸ்கிரீன் பஃபரை மட்டும் காலி பண்ணுங்க. ‘சிங்க்’ கமாண்ட் எல்லா பஃபரையும் காலி பண்ணும், பகல்ல புரொடக்‌ஷன்ல தொடவே தொடாதீங்க. டிரான்ஸ்போர்ட் ரிட்டர்ன் கோடு 4-னா எச்சரிக்கைதான்னு விட்டுராம லாக்கையும் படிங்க. 8-னா கேக்கவே வேண்டாம்.

டேட்டா மைக்ரேஷன், கரூர்

இன்னொண்ணையும் இதோட போட்டுக் குழப்பிக்கறாங்க. எஸ்எம்35 செஷன்ல (பதிவு பண்ணி வெச்ச ஸ்கிரீன் வரிசைல டேட்டாவைத் தானா ஏத்தற பேட்ச் இன்புட்) ‘ஸ்கிரீனுக்கு பேட்ச் இன்புட் டேட்டா இல்லை’ன்னு வர்ற மெசேஜ், நம்பர் 00 344. இதுல ஸ்கிரீன் காணாமப் போகலைங்க. ரெக்கார்டிங்ல இல்லாத ஸ்கிரீன் ஒண்ணு வந்து நிக்குது, இல்லீன்னா எதிர்பார்த்தது வராமத் தாண்டி அடுத்தது வந்திருக்குது.

புது மெட்டீரியல் உருவாக்கற எம்எம்01 நல்ல உதாரணம். எஸ்ஏபிஎல்எம்ஜிஎம்எம் 0060 முதல் ஸ்கிரீன், 0070 வியூ தேர்வு, 0080 பிளான்ட், ஸ்டோரேஜ் லொகேஷன். யூசர் தன்னோட டிஃபால்ட்ஸ் மெனுல ‘கேட்டால் மட்டும் வியூ தேர்வு’ன்னு டிக் போட்டிருந்தா 0070 வராது. ரெக்கார்டிங் பண்ணினவரு ஒருத்தரு, ஓட்டறவரு வேறொருத்தருன்னா அப்படியே சிக்கிக்கும். அப்லோடுக்குன்னு தனி யூசர் வெச்சு, அந்த யூசர்லயே எஸ்எச்டிபி-ல (ரெக்கார்டிங் பண்ற இடம்) ரெக்கார்டு பண்ணுங்க. கால் டிரான்சாக்‌ஷன்னா ‘இ’ மோட்ல ஓட்டினா தப்பு வர்ற ஸ்கிரீன்ல மட்டும் நிக்கும்.

ஏபாப், கோவை

கரூர்த் தம்பி அதைப் பிரிச்சுச் சொன்னது நெம்ப நல்லதுங்க. டேப்ஸ்ட்ரிப் (ஒரே ஸ்கிரீன்ல பல டேப்) எழுதறவங்களுக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. ‘கால் சப்ஸ்கிரீன்’ல நம்பரை வேரியபிள்ல குடுத்தா, முதல் பிபிஓ-விலயே (ஸ்கிரீன் காட்டறதுக்கு முன்னாடி ஓடற பகுதி) அதுக்கு மதிப்பு இருக்கணும். டம்ப்ல ஸ்கிரீன் நம்பர் 0000-ன்னு வந்தா நேரா அங்க போங்க. யூசர் எந்த டேபையும் இன்னும் அமுக்கலை, வேரியபிள் காலியாவே இருக்குது. ‘கால் சப்ஸ்கிரீன்’ வரிக்கு மேல ஒரு மாட்யூல் போட்டு, காலியா இருந்தா முதல் டேபோட நம்பரை வைங்க.