‘புரிதல் உத்தி’க்குப் பதிலாகப் ‘பொருள்கொள் வழி’

நண்பர்களுக்கு வணக்கம்.

வாசிப்பு வகுப்பை மதிப்பிடும் படிவத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், ‘காம்ப்ரிஹென்ஷன் ஸ்ட்ராட்டஜி’க்கு, அதாவது படிப்பதைப் புரிந்துகொள்ளக் கையாளும் வழிக்கு, ‘புரிதல் உத்தி’ போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஒப்ப முடியவில்லை.

‘கற்பித்தல் உத்தி’ என்று சொல்லிப் பழகி, உத்தி என்றாலே ஆசிரியர் செய்வது என்றாகிவிட்டது. நன்னூல் சொல்லும் 32 உத்திகளும் நூல் செய்பவருக்கு உரியவைதான். நாம் பேசுவதோ படிக்கிற பிள்ளை செய்வதை: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, பிடிபடாத இடத்தில் நின்று திரும்பப் படிப்பது, படித்ததைத் தன் சொல்லில் சுருக்குவது.

வகுப்பை மதிப்பிடப் போகும்போது இந்த வேறுபாடுதான் முக்கியம். வாசிப்புக் கல்வி ஆய்வாளர் டோலரஸ் டர்கின் 1970களில் அமெரிக்க நான்காம் வகுப்புகளில் வாசிப்புப் பாடத்தை 4,469 நிமிடம் கவனித்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது அதில் 20 நிமிடம்தான். ஆனால் கேள்விகளுக்குக் குறைவே இல்லை. புரிந்ததா என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள். புரிந்துகொள்ளும் வழியைக் காட்டவில்லை. ‘புரிதல் உத்தி கற்பிக்கப்பட்டதா?’ என்று படிவத்தில் அச்சிட்டால், பத்தியைப் படிக்கவைத்து ஐந்து கேள்வி கேட்ட வகுப்புக்கும் ‘ஆம்’ விழும்.

என் முன்மொழிவு: ‘பொருள்கொள் வழி’. பொருளைக் கொள்பவர் படிப்பவர். செயல் யாருடையது என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘பொருள்கோள்’ என்றே வைக்கலாமே என்றால், செய்யுளுக்கு உரிய எட்டு வகைப் பொருள்கோள் தமிழாசிரியர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். அது வேண்டாம். படிவத்தில் ‘பொருள்கொள் வழி காட்டல்’ ஒரு கட்டம், ‘புரிதல் சோதித்தல்’ இன்னொரு கட்டம் என்று பிரித்துவிடலாம்.

அப்புறம், கல்வி ஆய்வாளர்கள் பாலின்சரும் பிரவுனும் 1984இல் எழுதிய, படிப்பவர் கையாளும் நான்கு வழிகள். ஊகித்தல், வினாதல், தெளிதல், தொகுத்தல் என்று வைக்கலாம். ‘வினா எழுப்புதல்’ என்றால் ஆசிரியர் எழுப்புவதாகப்படும். ‘வினாதல்’ நன்னூல் மாணவர் கடமையாகவே சொல்வது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றுதான் எனக்கு அகப்படவில்லை. ஆசிரியர் ஒரு பத்தியைப் படித்தபடியே, தன் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வாரே, ‘திங்க் அலௌட்’, அதற்கு ‘எண்ணிக்காட்டல்’ என்று எழுதிப் பார்த்தேன். கணக்கு வகுப்பில் மணி எண்ணுவதுபோல் இருக்கிறது. ‘நினைத்துக்காட்டல்’ சரிவருமா? வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.